பிரேக்கை மிதித்தால் மினுங்கும் இண்டிகேட்டர்: 2003 மாடல் காரோடு பத்து வருஷம்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். என்னுடைய கார் மாதிரியே அதே மாடல், அதே வருஷம், திருநெல்வேலியில் விலைக்கு வந்திருக்கிறதாம். கேட்ட விலையில் பதினைந்தாயிரம் குறைக்கவும் சம்மதித்துவிட்டார்களாம். "பத்து வருஷமா வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், மூன்று வருஷமாகப் படுத்திக்கொண்டிருந்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்திருந்தேன். அந்தச் சூட்டில் எதைச் சொன்னாலும் நியாயமாக இருக்காது என்று ஒரு வாரம் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

இன்ஜின், மைலேஜ், ஏசி பற்றி எழுதப்போவதில்லை. அந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதெல்லாம் தெரியும். இன்ஜின் என்னை ஒரு நாள்கூட நடுவழியில் நிறுத்தியதில்லை, அது போதும். நான் சொல்ல வந்தது வலது பக்கப் பின்விளக்கைப் பற்றி.

2021-ல் ஒரு ராத்திரி, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வல்லநாடு தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்து, கையைப் பின்னால் காட்டிவிட்டுப் போனார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இரண்டு விளக்கும் நன்றாக எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்தபோதும் எரிந்தது. மறுநாள் சாயங்காலம் வலது பக்கம் மங்கல். டிக்கியை ஓங்கிச் சாத்தினால் பிரகாசம்.

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எரியும், வீட்டுக்கு வரும் வழியில் அணையும். பல்பு நாலு தடவை மாற்றினோம். ஹோல்டர் மாற்றினோம். விளக்கையே முழுதாக மாற்றினோம். பிரேக் மிதியின் மேலே இருக்கும் சுவிட்சையும் மாற்றினோம், அது பாவம் நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் வயரிங் மொத்தத்தையும் மாற்றிவிடலாம், 14,000 ஆகும் என்றார். அவர் மேல் அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு வண்டி பார்க்கிறவரிடம், அவர் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக எரிகிற விளக்கைக் கொடுத்தால் அவர்தான் என்ன செய்வார்? 2023-ல் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோதுகூட எல்லா விளக்கும் எரிந்தன. அடுத்த நாளே பழைய கதை.

இதில் ஒரு துப்பு ஆரம்பத்திலிருந்தே கண்முன்னால் இருந்தது. விளக்கு மங்கும் நேரத்தில் பிரேக்கை மிதித்தால், அதே பக்கத்து மஞ்சள் இண்டிகேட்டரும் லேசாக மினுங்கும். அதைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டரில்தான் ஏதோ ஷார்ட் என்று நான் அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: பின்விளக்குப் பெட்டியில் இருக்கும் எல்லா பல்புக்கும் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப்போகும் வழி, ஒன்றே ஒன்று. ஒரு கறுப்பு ஒயர், அது பாடியில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. அந்த வழி அடைபட்டால் பிரேக் பல்புக்குள் போன கரண்ட் திரும்பிப்போக வேறு வழி தேடும். பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாகப் புகுந்து, அதன் ஒயரிலேயே போய், முன்பக்க இண்டிகேட்டரின் எர்த்தைப் பிடித்து இறங்கும். இரண்டு மூன்று பல்பு வரிசையாக நிற்பதால் எதற்கும் முழு வோல்டேஜ் கிடைக்காது, எல்லாமே அரை உயிரோடு எரியும். ஆக, ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு மினுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். இதை எனக்கு யாராவது 2021-லேயே சொல்லியிருக்கலாம்.

மல்டிமீட்டர் வாங்கியும் எனக்கு வழி பிறக்கவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட் காட்டியது. கரண்ட் ஒழுங்காக வருகிறது, எர்த்தும் சரி என்று எழுதி வைத்துக்கொண்டேன். மீட்டர் காட்டிய அளவு தப்பில்லை, அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தப்பு. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சொற்பம். அவ்வளவு சொற்பம் துருவின் வழியாகவும் தாராளமாகப் போகும், அறுந்த ஒயரில் மிச்சமிருக்கும் ஒற்றை இழையிலும் போகும். 21 வாட் பிரேக் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். கேட்கும்போதுதான் அந்தத் துரு மறிக்கும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தவரைக்கும் நான் கோளாறையும் சேர்த்துக் கழற்றிவிட்டுத்தான் அளந்திருக்கிறேன்.

திருப்பம் வந்தது ஒரு பழைய எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடமிருந்து. அறுபது வயசுக்கு மேல், கடை என்று பெரிதாக எதுவும் இல்லை. நான் எல்லாக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எர்த்தைப் பாத்தியளா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மீட்டரில் பார்த்ததைச் சொன்னேன். பதில் சொல்லாமல், ஒரு பழைய பிரேக் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து வைத்திருந்ததைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு முனை விளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் லைவ் ஒயரில், மறு முனை ஹோல்டரின் எர்த்தில். பல்பு சாயங்கால அடுப்புத் தணல் மாதிரி சிவந்து நின்றது. அந்த மறு முனையை மட்டும் எடுத்து, டிக்கியில் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பில் வைத்தார். பளீரென்று எரிந்தது. பத்து நொடி வேலை. "நம்ம ஊர் காத்துல உப்பு உண்டும், போல்ட்டைக் களத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிக்கியின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிட வேண்டும் என்று தோன்றியது. நாலரை மீட்டர் ஒயரை பேட்டரியின் மைனஸிலிருந்து பின்னால் வரை இழுத்து மீட்டரின் கறுப்பு முனையில் மாட்டி, சிவப்பு முனையை விளக்கின் எர்த்தில் வைத்து, மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பல்பு மாட்டியபடியே. 3.8 வோல்ட். எர்த் ஒழுங்காக இருந்தால் அங்கே 0.1, மிஞ்சினால் 0.2-க்கு மேல் நிற்கக் கூடாது. நாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவானது பல்புக்குப் போகாமல் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

10 நம்பர் ஸ்பேனர் வைத்து போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஒயர் நுனி வளையத்துக்கு அடியில் பெயிண்ட். 2020-ல் பின்னால் ஒரு வேன் இடித்து டிங்கரிங், பெயிண்டிங் பார்த்தோம். அப்போது அந்த இடத்துக்கும் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மேலேயே வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். வளையத்துக்கு இரும்போடு தொடர்பே இல்லை. போல்ட்டின் மரை வழியாகத்தான் இவ்வளவு நாளும் எர்த் போய்க்கொண்டிருந்தது. மரையில் உப்புக் காற்று பட்டுத் துரு ஏற ஏற, ஒரு குலுக்கலில் பிடிக்கும், இன்னொரு குலுக்கலில் விடும். வளையத்தில் பித்தளைக் குடத்தில் பூப்பது மாதிரி பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, புது வளையம் பற்றவைத்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தபோது 0.04. செலவு நாற்பது ரூபாய்கூட இல்லை. வெளியே பளபளவென்று இருந்த அந்தப் பெயிண்ட் வேலையை நான் அன்று எவ்வளவு பாராட்டினேன் என்பது நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

அதே ஜோரில் முன்விளக்கையும் அளந்தேன், அங்கே எதிர்பாராத சந்தோஷம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8, ஹெட்லைட் பல்பில் வெறும் 11.2. இந்த வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போகிறது. இருபது வருஷ சுவிட்ச், மெல்லிய ஒயர். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இரண்டு ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சாதனம்) வைத்து, ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேரே இழுத்தேன், 13.3 வந்தது. அதே 60/55 வாட் பல்புதான். கண்ணுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து ராத்திரி ஓட்டுவதையே குறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாகைக்குளம் தாண்டி இருட்டில் ஓரத்து வெள்ளைக் கோடு தூரம் வரை தெரிகிறது.

ஒன்று மட்டும் கோபமாகவே சொல்ல வேண்டும். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோது 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ 20 போட்டிருந்தார்கள். அடிக்கடி போகிறது என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும். குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டியில் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, நண்பருக்குப் பதில். நல்ல வண்டி. திறந்து பார்த்தால் புரிகிற வண்டி, கையால் சரி செய்ய முடிகிற வண்டி. என்னுடையதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் வாங்க வேண்டாம். அந்த வண்டிக்கும் இருபது வயசு தாண்டிவிட்டது, அதில் எத்தனை போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறதோ, அதைத் தேட உங்களுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகுமோ. நேற்று ராத்திரி நல்ல மழை. வண்டியை ரிவர்ஸில் வீட்டுக்குள் ஏற்றி, மதிலுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் பார்த்தேன். தனியாக இருக்கும்போது பின்விளக்கைப் பார்க்க இதுதான் வழி. வலது பக்கம் சுவரில் நல்ல சிவப்பு. இடது பக்கம் ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டு நின்றது.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவாருங்கள். இடது பக்கத்து அட்டையை எப்படியும் நான் கழற்றத்தான் போகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.