ஆங்கில உச்சரிப்பு: ஜோடிச் சொற்களா, கூடவே பேசுவதா?

உச்சரிப்பைச் சரிசெய்ய நினைப்பவர்கள், ஜோடிச் சொற்களைச் சொல்லிப் பழகுவதா, ஒலிப்பதிவைக் கேட்டபடி கூடவே பேசுவதா, இந்த இரண்டில் எதைப் பிடிப்பது என்று குழம்புகிறார்கள்.

செலவு: இரண்டுக்குமே ஒரு போன் போதும்.

எதைத் திருத்தும்?
ஜோடிச் சொற்கள்: தனி ஒலியை. ‘ஃபேன்’–‘பேன்’, ‘கோட்’–‘கோட்’ (coat மேலங்கி, goat ஆடு) போல ஒரே ஒலியில் வேறுபடும் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்வது. தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘க’வுக்கும் ஆங்கில ‘g’ ஒலிக்கும் (goat-இல் வருவது) எழுத்தில் வேறுபாடு இல்லாததால் நமக்கு இது மிகவும் தேவை. ‘வைன்’–‘வைன்’ (vine, wine) போன்றவற்றில் முதல் ஒலியைச் சொல்லும்போது, ‘v’க்கு மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறதா, ‘w’க்கு உதடு குவிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ‘ஜூ’வில் (zoo) வரும் முதல் ஒலி ‘ஸ’ அல்ல. தொண்டையில் கை வைத்தால் அதிர வேண்டும்.
கூடவே பேசுவது: அழுத்தத்தையும் ஏற்ற இறக்கத்தையும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் அழுத்தம் முதல் அசையில், ‘ஃபோட்டோகிராஃபி’ என்றால் இரண்டாவதில். ஒலிப்பதிவோடு ஒட்டிப் பேசும்போது இது தானாகவே படியும்.

எளிமை:
முன்னது சலிப்பூட்டும், ஆனால் தவறு உடனே தெரியும்.
பின்னது சுவையானது, வேகம்தான் சிக்கல். யூடியூபில் 0.75 வேகத்தில் தொடங்கலாம். அப்புறம் உங்கள் குரலைப் பதிவுசெய்து ஒப்பிடாவிட்டால் பழைய தவறே உறுதிப்படும்.

ஒரு சொல்லையே எதிரில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொள்கிறாரா? ஜோடிச் சொற்கள். நேர்காணலில் சொற்கள் சரியாக வந்தும் பேச்சு தட்டையாகக் கேட்கிறதா? கூடவே பேசுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலாவதையே சொல்வேன்.