எட்டு முழமா, ஒட்டு வேட்டியா?
எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர். இரண்டாக மடித்துக் கட்டுவதால் உள்ளே நிழல் தெரியாது. இறுக்கிச் சுற்றி, மேல் விளிம்பை இரண்டு மூன்று முறை சுருட்டிச் செருகினால் நிற்கும். உயரத்தையும் அந்தச் சுருட்டலிலேயே கூட்டிக் குறைக்கலாம். புது வேட்டி கஞ்சி மொடமொடப்பில் வழுக்கும். ஒரு முறை அலசிவிட்டால் அடங்கும்.

இடுப்பில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டு வேட்டியில் அரை நிமிட வேலைதான், கைப்பேசிக்குப் பையும் உண்டு. தொல்லை பட்டையில்தான். திறந்தபடி துவைத்தால் பட்டையிலுள்ள குட்டிக் கொக்கிகள் நூலையும் பஞ்சையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கஞ்சி புகுந்தாலும் பிடிப்பு போகும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் நைலான் உருகிவிடும். பட்டையை மூடித் துவைத்து, பழைய பல்துலக்கியால் பஞ்சை எடுத்தால் போதும். வேட்டியை முழங்காலுக்குத் தூக்கி மடித்துக் கட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இது சரிவராது: மடித்துச் செருகும்போது பட்டை விலகும். பந்தி முடிந்து வயிறு கனத்தாலும் அப்படித்தான்!

வேட்டி கட்டியவரை கிளப் போன்ற மன்றங்களில் தடுக்கக் கூடாதென்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அலுவலகத்துக்கு எப்போதாவது கட்டுபவருக்கும் சிறுவர்களுக்கும் ஒட்டு வேட்டி. மாப்பிள்ளைக்கு எட்டு முழம்தான்; உள்ளே பெல்ட் போட்டுக்கொள்ளட்டும்.