கிட்டாரை பாலிஷுக்குக் குடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இதைப் படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி தூக்கமே வரலை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா "போகட்டும், நம்ம தப்புதான்"னு நானே பூசி மெழுகிடுவேன். 6,800 ரூபாய். கையை விட்டுப் போனது அவ்வளவு, கிட்டாருக்கு ஆன சேதம் தனி. எந்த பாலிஷ் போடலாம், எதைத் தொடவே கூடாதுங்கறதைக் கடைசியில விவரமா எழுதறேன்.

என்னுது கிப்சன் கம்பெனியோட எஸ்.ஜி. ஃபேடட்ங்கற எலக்ட்ரிக் கிட்டார், செர்ரி கலர். மூணு வருஷம் கச்சேரிக் காசை எடுத்து வச்சு செகண்ட் ஹேண்டுல வாங்கினது. அந்த மாடலைக் கையில பிடிச்சவங்களுக்குத் தெரியும், அது பளபளக்கற கிட்டார் இல்லை. மஹோகனி மரத்தோட குழிகளை அடைக்காம, மேல மெல்லிசா மேட் லாக்கர், அதாவது பளபளக்காத பூச்சு மட்டும் அடிச்சிருப்பாங்க. தடவினா மரத்தையே தடவுற மாதிரி இருக்கும். முழங்கை உரசுற இடம் மட்டும் நாளாவட்டத்துல தானா லேசா மினுங்கும். அந்த மினுக்கம் எனக்குப் பிடிக்கும். அது நான் வாசிச்சு வந்தது.

இந்த முகூர்த்த சீசன்ல வரிசையா ரிசப்ஷன் கச்சேரி. மண்டபத்துப் புழுக்கம், வேர்வை, வாசல்ல தெளிக்கற பன்னீர் எல்லாம் சேர்ந்து கிட்டாரோட கழுத்து, அதான் நெக், பிசுபிசுன்னு ஆயிடுச்சு. சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான் என் தேவை. சென்னையில நல்லா ஓடற ஒரு இசைக்கருவிக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். பேர் போட மாட்டேன், கேக்காதீங்க.

நான் எங்க ஏமாந்தேன்னு நேத்துலேர்ந்து யோசிக்கறேன். கவுண்டர்ல இருந்த பையன் உறையைத் திறந்ததும், "ஃபேடட் தானே சார்? மஹோகனி பாடி"ன்னான். கிட்டாரைப் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி ஒரு டர்க்கி டவலை விரிச்சான். பெல்ட் பக்கிள் உரசாம தன் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டான். அங்கதான் விழுந்தேன். பேர் தெரிஞ்சவனுக்கு அதோட தோலும் தெரியும்னு நினைச்சுட்டேன். அப்புறம் சுவத்துல தொங்கின ஒரு கருப்பு கிட்டாரை எடுத்து, பாதி உடம்பை மட்டும் துடைச்சுக் காட்டினான். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "நம்ம ஸ்பெஷல் வேக்ஸ் சார், இம்போர்ட்டட். கிட்டாருக்குன்னே செஞ்சது. நம்பிக் குடுங்க." டீ வேற வந்துச்சு.

அந்தக் கருப்பு கிட்டார் பாலியெஸ்டர் பூச்சு போட்டது. கண்ணாடி மாதிரி கெட்டியான ஓடு. அதுல எதைத் தேய்ச்சாலும் மினுங்கத்தான் செய்யும். எனக்கு அங்கயே உறைச்சிருக்கணும்.

டீப் கிளீனிங், மிஷின்ல தேய்ச்சு மினுக்கற பஃபிங், கோட்டிங் எல்லாம் சேர்த்து 4,500. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக அதே வேக்ஸ் ஒரு பாட்டில் 2,300. ஆக 6,800 ரூபாய், ஜிபேல அனுப்பினேன். பில் கேட்டேன். "பிரிண்டர் வேலை செய்யலை சார், வாட்ஸ்அப்ல போடறேன்." இன்னைக்கு வரைக்கும் போடலை.

ரெண்டு நாள் கழிச்சுப் போய் உறையைத் திறந்தா வயிறு பகீர்னு ஆயிடுச்சு. நடுவுல திட்டுத் திட்டா பளபளப்பு, ஓரமெல்லாம் பழைய மேட். மரக்குழிக்குள்ள பாலிஷ் பேஸ்ட் காஞ்சு, திருநீறு பூசின மாதிரி வெள்ளை வெள்ளையா கோடு. எஸ்.ஜி.க்கு ரெண்டு கொம்பு இருக்குமே, அதோட ஓரம் சீவின மாதிரி மெல்லிசா இருக்கும். அந்த ஓரத்துல மிஷின் லாக்கரைத் தின்னுட்டு, வெறும் மரம் வெளியில தெரியுது.

அப்போ ஆரம்பிச்சது சால்ஜாப்பு. முதல் நாள், "காயணும் சார், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்." காஞ்சுச்சு, ஆகலை. அடுத்த தடவை, "இது வின்டேஜ் லுக் சார், இதுக்குன்னே தனியா காசு குடுத்து செஞ்சுக்கறாங்க." அப்புறம் ஓனர் கோயம்புத்தூர் போயிட்டார். நாலு நாள் கோயம்புத்தூர்லயே இருந்தார். அஞ்சாவது நாள் ஓனரே போன்ல வந்து, "பாலிஷ் போட்டா பளபளக்கத்தான் சார் செய்யும், இதுல என்ன கம்ப்ளெயின்ட்?"ன்னார். நேத்து சொன்னதுதான் உச்சம். "ஒரிஜினல் கிப்சனா இருந்தா இப்படி ஆகாதே சார்?" ஒரிஜினலா இருக்கப்போய்த்தான்யா இப்படி ஆச்சு!

அது எனக்குப் புரிஞ்சது எங்க தெருவுல கட்டில், பீரோவுக்கு பாலிஷ் போடற ஆசாரி அண்ணன் கிட்ட. பின்பக்க மூடியைக் கழட்டச் சொன்னார். உள்ள ஒயர் இருக்கற குழியோட ஓரத்துல, கண்ணுக்குத் தெரியாத இடமா பார்த்து, தீக்குச்சியில பஞ்சைச் சுத்தி தின்னர்ல நனைச்சு ஒரே ஒரு தொடல். உடனே பிசுக்குன்னு ஒட்டுச்சு. "இது என்.சி. லாக்கர் தம்பி. இதுமேல எவன் பஃபிங் மிஷின் வச்சான்?" என்.சி.ன்னா நைட்ரோசெல்லுலோஸ். நெயில் பாலிஷ்ல இருக்கறதும் அதுதான், அதனாலதான் அசிட்டோன் பட்டா கரையுது. பாலி பூச்சா இருந்தா தின்னருக்கு இப்படி உடனே இளகாது. மேட் லாக்கர்ல மேற்பரப்பு நுணுக்கமா சொரசொரன்னு இருக்கும், அதுலதான் வெளிச்சம் சிதறுது. தேய்க்கத் தேய்க்க அது மழமழன்னு ஆகி மினுங்க ஆரம்பிச்சிடும். திரும்ப மேட் ஆக்கணும்னா மறுபடி அடிக்கறதைத் தவிர நல்ல வழி இல்லை.

பாட்டிலையும் அவர் கிட்ட காட்டினேன். மோந்து பார்த்துட்டு லேபிளோட மூலையை நகத்தால உரிச்சார். அடியில இன்னொரு லேபிள். அதுல டயர் படம்! கார் டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடற சிலிகான் சரக்குக்கு 2,300 ரூபாய். 

இதுல ஒரு வேடிக்கை. 1920கள்ல அமெரிக்காவுல கார்களுக்கு அடிச்ச டூக்கோ பெயிண்ட் இதே நைட்ரோதான். ஃபெண்டர் கம்பெனி பின்னாடி அந்தக் கார் கலர்களையே கிட்டாருக்கு அடிச்சது. காரெல்லாம் கெட்டியான பூச்சுக்கு மாறி எவ்வளவோ காலம் ஆச்சு. இன்னைக்கு வர்ற கார் பாலிஷ் அந்தக் கெட்டித் தோலுக்குச் செஞ்சது. என் கிட்டாருக்கு இன்னும் பழைய தோல்.

மறுபடி லாக்கர் அடிக்கலாமான்னு கேட்டேன். சிலிகான் ஏறின இடத்துல லாக்கர் நிக்காதாம், குழி குழியா விலகுமாம். மொத்தத்தையும் சுத்தம் பண்ணி, உரசி எடுத்துட்டுத்தான் அடிக்கணுமாம். 6,800 குடுத்து, சரிபண்றதுக்கும் வழியை அடைச்சுட்டு வந்திருக்கேன்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். மேட் கிட்டாருக்கு பாலிஷும் வேண்டாம், வேக்ஸும் வேண்டாம். ஈரம் பிழிஞ்ச பருத்தித் துணி, உடனே காஞ்ச துணி, அவ்வளவு போதும். பளபளா கிட்டார்னாலும் சிலிகான் இல்லைன்னு போட்டிருக்கறதை மட்டும் வாங்குங்க. பழைய லாக்கர்ல முடி மாதிரி விரிசல் இருந்தா வேக்ஸ் வைக்காதீங்க, உள்ள போய் வெள்ளையா நிக்கும். அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க. லெமன் ஆயில் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்கு, அதான் நெக் மேல விரல் வைக்கற பலகைக்கு, ரெண்டு சொட்டு, பாடிக்கு இல்லை. நைட்ரோ கிட்டாரை ரப்பர் ஸ்டாண்டுல மாசக்கணக்கா விடாதீங்க, இளகி ஒட்டிக்கும். வேலைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. பில் இல்லாம பைசா குடுக்காதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915.

நாளைக்கு காலையில கடை திறக்கற நேரத்துக்குப் போறேன். ஆசாரி அண்ணனும் தின்னர் பாட்டிலோட வர்றேன்னிருக்கார்.