மெண்டசினோவா, கார்மெலா, சேனல் ஐலண்ட்ஸா: எட்டு பேர் டைவ் ட்ரிப்புக்கு எது சரிவரும்

செப்டம்பர் கடைசில எட்டு பேர் கலிஃபோர்னியா கடலுக்கு கிளம்பறோம், மூணு நாள், ஸ்பியர்ஃபிஷிங்கும் (தண்ணிக்குள்ள ஈட்டியால மீன் பிடிக்கறது) ஃப்ரீடைவிங்கும் (டேங்க் இல்லாம மூச்சடக்கி இறங்கறது) சேர்த்து. எட்டுல மூணு பேர் இந்த தண்ணிக்கு பழகினவங்க, மூணு பேருக்கு ரெண்டாவது சீசன், மிச்ச ரெண்டு பேர் இந்த வருஷம்தான் கோர்ஸ் முடிச்சாங்க, குளத்துல மூணு நிமிஷம் மூச்சடக்கறாங்க, ஆனா கெல்ப் (உயரமா வளர்ற பெரிய கடல்பாசி) காட்டுக்குள்ள இன்னும் ஒரு தடவை கூட இறங்கினதில்ல. எங்க போறதுன்னு ரெண்டு மாசமா பேசிட்டே இருக்கோம். மெண்டசினோன்னு ஒருத்தன் நிக்கிறான், கார்மெல்னு இன்னொருத்தி, சேனல் ஐலண்ட்ஸ்னு அண்ணன் ஒருத்தர். மூணு இடத்துலயும் நான் இறங்கியிருக்கேன், அதனால எனக்கு தோணுறத முழுசா எழுதிடறேன்.

மொதல்ல மெண்டசினோ. சான் ஃப்ரான்சிஸ்கோல இருந்து மூணரை மணி நேரம், கடைசி பாதி ஹைவே 128ல வளைஞ்சு வளைஞ்சு போகணும். வட கலிஃபோர்னியால மூச்சடக்கி டைவ் பண்ற பழக்கம் இவ்ளோ ஆழமா வேரூன்றினதே அங்க கிடைச்ச ரெட் அபலோனிங்கற பெரிய கடல் நத்தையாலதான், ஏன்னா ஸ்கூபா டேங்க் போட்டுட்டு அபலோனி எடுக்கக்கூடாதுன்னு சட்டம், மூச்சு மட்டும்தான் கருவி. 2018ல அந்த அபலோனி சீசன மூடிட்டாங்க. 2013ல ஆரம்பிச்ச நோய்ல நட்சத்திர மீனெல்லாம் கரைஞ்சு செத்துச்சு, அர்ச்சின (முள்ளு உருண்டையா இருக்கற கடல் முள்ளெலி) சாப்பிட ஆளில்லாம போச்சு, கூடவே கடல் சூடும் சேர, ஊதா அர்ச்சின் பெருகி கெல்ப மேஞ்சு தீர்த்திருச்சு, அந்த கரையோரத்துல புல் கெல்ப் (bull kelp) வகை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல காணாம போயிருச்சு. முன்னாடி காடா இருந்த இடத்துல இப்ப இறங்கினா மொட்டைப் பாறை மேல முள்ளு முள்ளா ஊதா கலர் மட்டும்தான் தெரியும், முதல் தடவை பாத்தப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. ஆனாலும் லிங்காட், ராக்ஃபிஷ், கேபசான்னு மீன் மூணும் இன்னும் நல்லாவே இருக்கு, ஆளும் கம்மி, பாறை இடுக்குல டார்ச் அடிச்சு பாத்தா ஒவ்வொரு குகையிலயும் ஏதாவது ஒண்ணு உக்காந்திருக்கும். வேட்டைன்னு மட்டும் பாத்தா மூணுல இதுதான் முதல் இடம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பிரச்சனை கரையிலதான். வடமேற்கு ஸ்வெல் (தூரத்து கடல்ல கிளம்பி வர பெரிய அலை) நேரா வந்து மோதற கடற்கரை அது. வேன் டாம் பீச் மட்டும் வளைவுக்குள்ள ஒதுங்கி இருக்கறதால புதுசா வரவங்களுக்கு ஏத்தது, மணல்ல இருந்து கயாக் தள்ளிட்டு போயிடலாம். தெற்க சால்ட் பாயிண்ட்ல அருமையான ஒதுக்குப்புறம் ஒண்ணு இருக்கு, கெர்ஸில் கோவ், ஆனா அது முழு ரிசர்வ், ஈட்டியே எடுக்கக்கூடாது, அத தாண்டி வெளிய போனாதான் சுடலாம், வெளியன்னா திறந்த கடல். பாயிண்ட் அரீனா பக்கம் அலைய அளக்கற மிதவைல (buoy 46014) அலை உயரம் எட்டு அடி, அலைக்கு அலை இடைவெளி பதினஞ்சு செகண்ட்னு காட்டுச்சுன்னா வேன் டாமும் கூட சந்தேகம்தான், அன்னிக்கு பூரா கேம்ப்ல உக்காந்து காபி குடிக்க வேண்டியதுதான். அடி மட்டும் பாத்து ஏமாறாதீங்க, செகண்ட் கூடக்கூட அலையோட இழுப்பு அடிவரைக்கும் இறங்கும், மேல அமைதியா தெரியறப்பவே கீழ பாறையோட பாறையா தேய்க்கும். எட்டு பேர கூட்டிட்டு மூணரை மணி நேரம் ஓட்டிட்டு போய் மாற்று இடம் இல்லாம நிக்கறது ரொம்ப கொடுமை, ஒருத்தன் "பரவால்ல மச்சி, இறங்கிடலாம்"னு சொல்ல ஆரம்பிப்பான், தப்பு நடக்கறது அப்பதான்.

கார்மெல், மான்டரே பக்கம் வாங்க. சான் ஹோசேல இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். இங்க ஜெயன்ட் கெல்ப், மரம் மாதிரி எழுந்து மேல கூரை போட்டிருக்கும், வெயில் அடிச்சா கோயில் மண்டபத்துக்குள்ள நிக்கற மாதிரி ஒளி தூண் தூணா இறங்கும். ஃப்ரீடைவிங்க்கு இத விட அழகான இடம் எனக்கு தெரியல. ஆனா சட்டம் இங்க ரொம்ப துண்டு துண்டு, 2007ல இருந்து பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அடுத்தடுத்து வந்திருச்சு. மான்டரே பிரேக்வாட்டர்ல (அலைத் தடுப்புச் சுவர்) தூண்டில் போடலாம், ஈட்டி கூடாது. பாயிண்ட் லோபோஸ், அசிலோமார், கார்மெல் பினக்கிள்ஸ்ல எதுவுமே எடுக்கக்கூடாது. பசிஃபிக் க்ரோவ் மரைன் கார்டன்ஸ்லயும் கார்மெல் பே பகுதியிலயும் மீன் சுடலாம். எல்லைக்கோடு தண்ணிக்குள்ள வரைஞ்சு இருக்காது, அதனால ஃபோன்ல மேப்ப ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கணும், கயாக்ல ஒருத்தர் அதையே கவனிக்கணும்.

இந்த துண்டு துண்டே எங்க குரூப்புக்கு வசதிதான். காலைல பிரேக்வாட்டர்ல எல்லாரும் சேர்ந்து லைன் ட்ரெயினிங் (மிதவையில தொங்கற கயித்த ஒட்டி இறங்கி ஏறறது), மீட்பு பயிற்சி, புது ஆளுங்க கெல்ப்ல ஊர்ந்து வர பழகறது. அது ஸ்வெல்லுக்கு மறைவா இருக்கு, கார் பக்கத்துலயே நிக்குது, பாத்ரூம் இருக்கு. மத்தியானம் பழகினவங்க கார்மெல் பக்கம் போய் வேட்டை. வெளிய அலை பெருசுன்னா காலை பயிற்சியவே நாள் பூரா நீட்டிக்கலாம், ட்ரிப் வீணாகாது. மொனாஸ்டரி பீச் மட்டும் வேண்டாம், பாக்க சாதுவா இருக்கும், ஆனா செங்குத்தா சரியற பருமணல், கால் வைக்கற இடமெல்லாம் வழுக்கும், களைச்சு போய் வெளிய வரப்ப ஒரு அலை தூக்கி போட்டா எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துரும். அங்க உயிர் போனவங்க நிறைய பேர்.

மீன் விஷயத்துல கார்மெல் ஒரு படி கீழதான், அத மறைக்கல. ராக்ஃபிஷ் தாராளம், லிங்காட் இருக்கும், ஆனா ஆள் நிறைய வர இடம், பெரிய மீன் உஷாரா இருக்கும்.

சேனல் ஐலண்ட்ஸ் கதையே வேற. வெஞ்சுரா வரைக்கும் அஞ்சு மணி நேர டிரைவ், அங்கிருந்து சான்டா க்ரூஸ் தீவுக்கு படகுல ஒரு மணி நேரம். டைவ் போட் எடுத்தா சாப்பாடு, சுடுதண்ணி ஷவர், மேல இருந்து நம்மள எண்ணிட்டே இருக்கற க்ரூ, எல்லாம் கிடைக்கும். செப்டம்பர்ல சான்டா க்ரூஸ் கிழக்கு முனையில தண்ணி 18 டிகிரி வரைக்கும் போகும், மெண்டசினோவோட 11, 12 பக்கத்துல இது சொர்க்கம். மீன்ல ஷீப்ஹெட், காலிகோ பாஸ், அதிர்ஷ்டம் இருந்தா வைட் சீபாஸ். கரிபால்டியும் ஜெயன்ட் சீ பாஸும் தொடவே கூடாது. மீன்பிடி லைசென்ஸோட ஓஷன் என்ஹான்ஸ்மென்ட் ஸ்டாம்புங்கற கூடுதல் அனுமதியும் வாங்கணும், பாயிண்ட் ஆர்கெல்லோவுக்கு தெற்க அது கட்டாயம், வடக்க தேவையில்ல. ஆனா செலவு மூணு மடங்கு, காத்து அடிச்சா கேப்டன் ட்ரிப்ப கேன்சல் பண்ணுவாரு, அப்புறம் இது குளிர் தண்ணி ட்ரிப்பே இல்ல. நாங்க பழக நினைக்கறது குளிர, அத இங்க பழக முடியாது.

குளிர்னு சொல்றப்ப ஒண்ணு சொல்லணும். போன வருஷம் மெண்டசினோ பக்கம், தண்ணி 10 டிகிரி, ரெண்டரை மணி நேரம் ஆச்சு, நண்பன் ஒருத்தன் மேல வந்து மிதவைய பிடிச்சான். முகம் நல்லாதான் இருந்துச்சு, பேசினான் கூட. மூழ்கறதுக்கு இடுப்புல கட்டின வெயிட் பெல்ட்ட கழட்டி கயாக்ல போடுன்னு சொன்னேன். கை பக்கிள் மேல போச்சு, விரல் மடங்கல. கையுறை போட்ட கட்டைவிரல் ரப்பர் மேல வழுக்கி வழுக்கி போகுது, அவன் குனிஞ்சு அதையே பாத்துட்டு இருக்கான், யாரோ ஒருத்தர் கைய பாக்கற மாதிரி. நான் தான் இழுத்து கழட்டினேன். அந்த நிமிஷம் ஒரு அலை அவன கவுத்திருந்தா பெல்ட்ட உதறணும்னு தெரிஞ்சிருந்தும் அவனால முடிஞ்சிருக்காது. அன்னிக்கு கரைக்கு திரும்ப இருபது நிமிஷம் துடுப்பு போட வேண்டியிருந்துச்சு. அந்த இருபது நிமிஷம்தான் எனக்கு இந்த ஒப்பீட்டுல பெரிய எடை. கார்மெல்ல அதே நேரத்துக்கு காருக்குள்ள ஹீட்டர் முன்னாடி உக்காந்திருப்பான், தீவுல ஷவர்க்கு கீழ நிப்பான்.

சாமான பொறுத்தவரைக்கும் ஏழு மில்லிமீட்டர் தடிமன்ல ஓப்பன் செல் சூட் (உள்பக்கம் தோலோட ஒட்டற ரப்பர் உடை), ரெண்டு பீஸ், ஹூட் சேர்ந்தது, வடக்கு ரெண்டு இடத்துக்கும் இதுதான். அஞ்சு மில்லி போட்டுட்டு தாங்கிடுவேன்னு சொல்றவங்க ஒரு மணி நேரத்துல நடுங்குவாங்க, நடுக்கம் வந்தா மூச்சு பாதியாயிடும். பத்து மீட்டர் ஆழத்துல மிதக்காம மூழ்காம நடுநிலையா நிக்கற மாதிரி வெயிட் வைங்க, அதுக்கு மேல கூடாது. ஈட்டி கன் 75, 90 சென்டிமீட்டர் போதும், விசிபிலிட்டி (தண்ணிக்குள்ள கண்ணுக்கு தெரியற தூரம்) மூணுல இருந்து ஆறு மீட்டர்தான், நீளமான கன் கெல்ப்ல சிக்கும். புதுசா வரவங்க போல்ஸ்பியர் (கையால பிடிச்சு குத்தற நீளமான ஈட்டி) எடுத்துட்டு வரட்டும். சுட்ட மீன இடுப்புல மாட்டாதீங்க, இலையுதிர் காலம் பெரிய சுறா கரையோரம் வர சமயம், மீன் உடனே கயாக்குக்கு போகணும்.

ஜோடி விஷயத்துல விட்டுக்கொடுக்கறதே கிடையாது. ஒருத்தர் கீழ, ஒருத்தர் மேல, மேல வந்தவர அரை நிமிஷம் முகத்த பாத்துட்டே இருக்கணும், ஏன்னா மயக்கம் ஆழத்துல வரத விட கடைசி சில மீட்டர்லயும் மேல வந்து முதல் மூச்சு எடுத்த பிறகும்தான் அதிகமா வருது. விசிபிலிட்டி மூணு மீட்டர்னா ஆழமும் எட்டு மீட்டரோட நிறுத்தணும், கூட்டாளிய பாக்க முடியாத இடத்துல இறங்கக்கூடாது. எங்க ஊர் தூத்துக்குடியில சங்கு குளிக்க போனவங்களுக்கு மேல கயிற பிடிச்சிட்டு ஒருத்தர் இருப்பாரு, பெரும்பாலும் மச்சான் முறைக்காரர், உயிரையே அவர் கையில குடுத்துட்டு தான் இறங்குவாங்க. அந்த மாதிரி ஆளத்தான் ஜோடியா தேடணும்.

சமையல் பத்தி சின்னதா. லிங்காட் 22 இஞ்ச்க்கு கீழ இருந்தா விடணும்னு விதி, ஈட்டியில குத்தின பிறகு விட முடியாது, அதனால சந்தேகம்னா சுடவே சுடாதீங்க. வெட்டினா சில மீன் சதை பச்சை நீலமா கண்ணாடி மாதிரி இருக்கும், கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க, சூடு பட்டதும் வெள்ளையாயிடும், மிளகு போட்டு வறுத்தா அருமையா இருக்கும். கேபசான் முட்டை மட்டும் விஷம், தொடாதீங்க.

என் ஓட்டு கார்மெலுக்கு, மூணு நாளும். புது ஆளுங்க ரெண்டு பேரும் மூணாவது நாள் மத்தியானம் பழகின ஒருத்தரோட ஜோடியா இறங்கட்டும். மெண்டசினோவ விடல, அக்டோபர்ல அந்த அலை மிதவை நாலடிக்கு கீழ காட்டற வாரம் பாத்து நாலே பேர், ரெண்டு கயாக், வேன் டாம்ல இருந்து, ஒன்றரை மணி நேரம்தான் தண்ணில. பிரேக்வாட்டர் பார்க்கிங்ல வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு எல்லாரும் வந்துடுங்க, ஏழு மணிக்கு மேல ஸ்கூபா கிளாஸ் ஆளுங்க வந்து இடத்த நிரப்பிடுவாங்க.