பாஸ் இருக்கிறது, சீட் இல்லை: ஐரோப்பிய ரயில் பாஸுடன் மூன்றாவது பயணம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "பாரிஸ், பார்சிலோனா, மாட்ரிட், லிஸ்பன் போறோம். ரயில் பாஸ் வாங்கிடலாமா?" வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை.

33 நாடுகளில் செல்லுபடியாகும் பாஸ் அது. மூன்று பயணத்துக்கும் இரண்டு மாதத்துக்குள் 10 பயண நாள், அதாவது நாம் தேர்ந்தெடுக்கும் பத்து நாட்கள் மட்டும் ரயிலில் போகலாம் என்ற வகையைத்தான் எடுத்தேன். ஆப், கியூஆர் கோடு பற்றியெல்லாம் குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு உறுத்துவது சீட் முன்பதிவு ஒன்றுதான்.

பாஸ் ரயிலில் ஏறும் உரிமையைத் தருகிறது, உட்கார இடம் தருவதில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான பகல் ரயில்களில் இது பிரச்சினையே இல்லை. வந்த ரயிலில் ஏறி, காலியான இடத்தில் உட்காரலாம். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்களும், கடலடிச் சுரங்கம் வழியாக லண்டன் போகும் ரயிலும், படுக்கை வசதியுள்ள இரவு ரயில்களும் அப்படியல்ல. அவற்றில் கூடுதல் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆகவேண்டும். அந்தப் பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவற்றில் சிலவற்றில் பாஸ்காரர்களுக்கென்று ஒரு கோட்டா இருக்கிறது, என்னால் தாங்க முடியாதது அதுதான்.

இந்த முறை நான்காவது வாரம், பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போக வேண்டும். நேரடி ரயிலில் சுமார் 7 மணி நேரம். பத்து நாள் முன்பே தேடினேன். பாஸுக்கான சீட் தீர்ந்துவிட்டது. அடுத்த நாளுக்கும் இல்லை. சாதாரண டிக்கெட் தேடிப் பார்த்தால் அதே ரயில், அதே வகுப்பு, இடம் தாராளமாக இருக்கிறது! முழுப் பணம் கட்டியிருந்தால் சீட் கிடைத்திருக்கும். ஏற்கெனவே முழுப் பணம் கட்டித்தானே இந்த பாஸை வாங்கினேன்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு வரைபடத்தை விரித்துக்கொண்டு பழைய கடற்கரைப் பாதையைக் கண்டுபிடித்தேன். முன்பதிவு தேவையில்லாத உள்ளூர் ரயில். எல்லையில் செர்பேர் என்ற சின்ன ஊரில் எல்லோரும் இறங்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதையில் ஸ்பெயினின் தண்டவாள அகலம் 1668 மி.மீ., பிரான்ஸில் 1435 மி.மீ. ஸ்பெயினின் உள்ளூர் ரயில் பிரெஞ்சுத் தண்டவாளத்தில் ஓடாது. அங்கே வேறு ரயில் பிடித்துப் பெர்ப்பிஞான் தாண்டினேன். நார்போன் நெருங்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். உப்பங்கழிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய மண்திட்டில் ரயில் போகிறது. கழியில் பூநாரைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. எதிர் சீட்டில் இருந்த குழந்தை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டது. நானும்தான்.

அந்தக் கால் மணி நேரத்தை மறக்கவே மாட்டேன். ஆனால் அது என்னிடம் வாங்கிய விலையையும் சொல்ல வேண்டும். இரவு நார்போனில் தங்கினேன். மறுநாள் அவிஞோன், லியோன் என்று வட்டார ரயில்களாக மாறி மாறி, இருட்டிய பிறகு பாரிஸ் சேர்ந்தேன். ஒரு பயண நாளில் முடிய வேண்டியது இரண்டைத் தின்றது. அதனால் கடைசியில் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் திரும்பப் பத்து நாளும் தீர்ந்துபோய், கடைசி நேர விலைக்குத் தனி டிக்கெட் எடுத்தேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். இதே பாஸ்தான் எனக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போகும் பெர்னினா பாதையைக் கொடுத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கென ஓடும் பெரிய கண்ணாடிப் பெட்டி ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து சென்ட் மோரிட்ஸ் போகும் வழியில் 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்துபோய் நேராகப் பாறைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சென்ட் மோரிட்ஸ் தாண்டி 2253 மீட்டர் உயரம்வரை பல்சக்கரம் இல்லாமலே ரயில் ஏறுகிறது. இத்தாலியை நோக்கி இறங்கும்போது புருசியோ வளைவில் நம் ரயிலின் வாலை நாமே பார்க்கலாம். பிடித்த ஊரில் இறங்கி, அடுத்த ரயிலில் தொடர்ந்தேன். ஜெர்மனியில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டபோதும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரவு ரயிலில் போனால் புறப்படும் நாள் மட்டும்தான் கணக்கு. இறங்கிய பிறகு அன்றே வேறு ரயில் ஏறாவிட்டால் ஒரு பயண நாள் மிச்சம்.

திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முன்பதிவு கட்டாயமான ரயில்கள் எவை என்று பாருங்கள், அவற்றில் பாஸ் சீட் கிடைக்கும் தேதிகளைப் பிடித்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றிக் கட்டுங்கள். முடிந்தால், சீட் கையில் வந்த பிறகு பாஸ் வாங்குங்கள். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்கக் கால அட்டவணை மாறும். அதற்குப் பிந்தைய ரயில்களுக்கு முன்பதிவு தாமதமாகத் திறக்கக்கூடும், அவசரப்பட வேண்டாம்.

நண்பரின் பாதையில் பாரிஸ் தொடங்கி மாட்ரிட் வரை எல்லாமே அந்தக் கட்டாய ரயில்கள். மாட்ரிட்டுக்கும் லிஸ்பனுக்கும் இடையே ஓடிய இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. ரயில் மாறி மாறித்தான் போக வேண்டும். அவருக்கு பாஸ் வேண்டாம், தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கட்டும்.

எனக்கு? கூட்டிக் கழித்துப் பார்த்தால் பத்தில் ஏழு நாள் பொன்னான நாட்கள். என் கணக்கே பாஸ் வாங்கு என்கிறது. நான் வாங்கப்போவதில்லை. காலி சீட்டோடு அந்த ரயில் என்னை விட்டுவிட்டுப் போனதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் நார்போன் போகிறேன், பூநாரைகளைப் பார்க்க. பெர்ப்பிஞானில் கவுன்ட்டரில் நின்று, ஒரே ஒரு டிக்கெட் வாங்கி.