டின்களில் வந்த அறுவடை: மகன் பள்ளி விழா எப்படி?

எங்கள் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். லண்டன் ஹாரோ பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டும். வருடா வருடம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ அங்கே அறுவடை விழா நடக்கும். பிள்ளைகள் கொண்டு வரும் சாப்பாட்டுப் பொருளெல்லாம், கஷ்டப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் உள்ளூர் ஃபுட் பேங்குக்குப் போகும். இந்த முறை நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் பெற்றோரை உட்கார வைத்தார்கள், என் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. மைக் ஒன்றுதான், அதுவும் பாதியில் கரகரத்து நின்றுவிட்டது. பையனுக்கு உருளைக்கிழங்கு வேஷம். பழைய தலையணை உறையில் ஓட்டை போட்டு ராத்திரி பதினோரு மணி வரை தைத்தேன். அவனுக்கு இருந்ததே ஒரு வரி, அதுவும் மைக் செத்த பிறகு வந்தது. போட்டோ எடுக்கவும் கூடாது. உருளைக்கிழங்கு வாயசைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் மேடைக்கு முன்னால் வைத்திருந்த ரொட்டியைப் பார்க்கவே போகலாம். கோதுமைக் கதிரைக் கட்டி நிறுத்தியது போல முழுக்க மாவில் செய்து சுட்டது. ஒவ்வொரு கதிரும் கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி எடுத்த மாவு. கட்டுக்கு நடுவே பின்னிய கயிறு, அதுவும் மாவுதான். தண்டில் ஒரு குட்டி எலி ஏறுகிறது, கண்ணுக்கு உலர்திராட்சை. பழைய வழக்கமாம். விழா இப்போதைய வடிவத்துக்கு வந்தது 1843-இல், கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில், ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியாரால் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அது மட்டும் மைக் இல்லாமலே காதில் விழுந்தது. ஆசிரியைத் தொண்டை.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே பட்டியல் வந்துவிட்டது. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 'ஏதாவது கொண்டு வாருங்கள்' என்று விட்டால் எல்லாரும் பீன்ஸ் டின்னும் பாஸ்தாவும்தான் வாங்குவார்கள். எங்கள் ஃபுட் பேங்கில் அவை ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றனவாம். அதனால் கெடாத பால், டின் பழம், ஜூஸ், டின் மீன், டின் கறி, ஷாம்பு என்று என்ன குறைகிறதோ அதை மட்டும் கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த சங்கடம் வேறு. அது புரட்டாசி. வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. டின் மத்தி மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சரி, பெருமாள் புரிந்துகொள்வார்.

கூடவே பெருமையாக ஒரு கிலோ துவரம்பருப்பும் வைத்தேன். அதில்தான் பாடம் கற்றேன்.

பாட்டெல்லாம் முடிந்து, ஃபுட் பேங்கிலிருந்து வந்த ஒரு பெரியம்மா எழுந்தார். பேச்சு பத்து நிமிடம் இருக்கும், விழாவிலேயே அதுதான் உருப்படியானது. ஒரு ஆளுக்கு மூன்று நாளைக்குக் கொடுக்கும் பையைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். சீரியல், சூப், பீன்ஸ், டின் தக்காளி, காய்கறி, மீன், பழம், அரிசி, டீத்தூள், பால், பிஸ்கட். இதில் எத்தனை காலைச் சாப்பாடு வரும் என்று பிள்ளைகளையே எண்ணச் சொன்னார். சாக்லேட் எங்கே என்று ஒரு வாண்டு கேட்க, அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார். இந்த பை யாருக்கு, எப்படி என்றும் சொன்னார். டாக்டரோ பள்ளியோ சமூகப் பணியாளரோ சீட்டு எழுதித் தர வேண்டும், அதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். டிரசல் என்ற தொண்டு நிறுவனத்தின் முதல் ஃபுட் பேங்க் 2000-இல் சாலிஸ்பரியில் ஒரு வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ஆரம்பித்ததாம். இன்று நாடு முழுக்க இருக்கிறது.

முடிந்ததும் என் பருப்பைக் காட்டிக் கேட்டேன். வாங்கிக்கொண்டார், ஆனால் மறைக்காமல் சொன்னார்: பலர் வீட்டில் முன்பணம் கட்டி ஓட்டும் கேஸ் மீட்டர். பணம் தீர்ந்தால் அடுப்பு நின்றுவிடும். முக்கால் மணி நேரம் வேக வேண்டிய பருப்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வெந்த கொண்டைக்கடலை டின் என்றால் திறந்தவுடன் சாப்பிடலாம். குக்கர் வைத்தே பழகிய எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் பக்கத்திலேயே நின்று பொருள்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுத வேண்டும். ஒரு பீன்ஸ் டின் மூன்று வருடம் முன்பே காலாவதி ஆகியிருந்தது. யாரோ அலமாரியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் தனியே வைத்தார்.

வாசலில் பெற்றோர் சங்கம் கேக் விற்றது. கார்டு மெஷின் ஓடவில்லை, சில்லறை இல்லாதவர்கள் வாசனை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு இரண்டரை நட்சத்திரம், பொருள் திரட்டிய விதத்துக்கு நாலரை. அடுத்த வருடம் போகிறவர்கள் முன்வரிசையைப் பிடியுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டின் வாங்கினால் வளையத்தை இழுத்துத் திறக்கிற மூடியாகப் பார்த்து வாங்குங்கள், எல்லார் வீட்டிலும் டின் கட்டர் இருக்காது.

சாயங்காலம் மன்னார்குடிக்குப் போன் போட்டேன். அப்பா குறுவை அறுத்துக்கொண்டிருக்கிறார். விழாக் கதையெல்லாம் ம், ம் என்று கேட்டவர், ரொட்டியில் எலி என்றதும் நிறுத்தினார்.

"எலியா? அதையும் சேர்த்தா கும்புடுறாங்க? இங்க நான் வரப்புக்கு வரப்பு கிட்டி வச்சுப் புடிச்சிக்கிட்டு இருக்கேம்மா!"