புத்த கயா மகாபோதி ஆலயம்: ஆட்டோவைக் காக்க வைக்காதீர்கள்

கயாவில் சிராத்தம் முடித்த கையோடு ஆட்டோ பிடித்து வந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அதில் பாதி நேரம் செருப்பு, கைபேசி ஒப்படைப்பதிலும் சோதனை வரிசையிலும் கரைந்துவிடும். 2013 ஜூலையில் இங்கு நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே பிரிந்தால் கூப்பிட வழியில்லை; எந்த வாசலில் கூடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நுழைவு இலவசம். அதிகாலை 5 மணிக்குத் திறந்ததும் போய்விடுவது உத்தமம். கருவறை சிறியது, நிலத்தைத் தொடும் முத்திரையில் பொன் பூசிய புத்தர். கூட்ட நாளில் நின்று கும்பிட விடமாட்டார்கள். அதற்காக ஏமாற்றம் வேண்டாம், இந்த இடத்தின் உயிர் மேற்குப் பக்கம், போதி மரத்தடியில் இருக்கிறது. வெள்ளுடையில் சிங்கள யாத்ரீகர்கள் பாலி மொழியில் ஓதுவார்கள். திபெத்தியர்கள் மரப்பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுவார்கள். மகாராஷ்டிரக் குழுக்கள் ‘ஜெய் பீம்’ சொல்லி வரும். அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவிய பிறகு அவர்களுக்கு இது வெறும் புண்ணியத் தலமல்ல, சுயமரியாதை சார்ந்த விஷயம். ஓரமாக உட்கார்ந்து பார்த்தாலே போதும், வழிகாட்டி தேவையில்லை. ‘புத்தர் உட்கார்ந்த அதே மரம்’ என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்: பழைய மரம் 1876இல் சாய்ந்தது, இப்போதுள்ளது 1881இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கன்னிங்காம் நட்டது. உதிர்ந்த இலையைப் பொறுக்கிக்கொள்ளலாம், பறிக்கக் கூடாது. வெளியே விற்கும் இலை எந்த அரசமரத்ததோ!

கோடையில் பளிங்குத் தரை கொதிக்கும், காலுறை அவசியம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அடுத்த வண்டிக்கு இடைவெளி விட்டு முன்பதிவு செய்யுங்கள். தெருவில் பள்ளிக்கூட நன்கொடை கேட்டு ஒட்டிக்கொள்பவர்களிடம் நின்று பேசினால் தப்புவது கடினம்.

வாசலருகே பிக்குகளின் கோரிக்கைப் பதாகை கண்ணில் பட்டால், விஷயம் இதுதான். 1949ஆம் ஆண்டின் புத்த கயா கோயில் சட்டப்படி ஆலய நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். மற்ற எட்டுப் பேரில் பாதி இந்துக்கள், பாதி பௌத்தர்கள். முழுப் பொறுப்பும் பௌத்தர்களுக்கே வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் போராட்டம் எழுந்தது. கோரிக்கை பழையது, 1891இல் இலங்கை பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபாலர் வந்ததிலிருந்தே இருக்கிறது. பிண்டம் போட்டுவிட்டு இதே மரத்தையும் கும்பிட வரும் நம்மவர்களும் இந்தச் சர்ச்சையில் ஒரு தரப்புதான்.

ஆலயத்தைச் சுற்றியிருந்த பழைய கல் வேலியின் ஒரு பகுதி பக்கத்து தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.